தில்லை கேமராவின் கதவு

தில்லைநாயகம் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அவர் மேல் ஏசுவடியானுக்கு இருந்த பொறாமைக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

அன்று காலை எண்பத்தாறு வயது ஏசுவடியான் பேப்பரை விரித்தார். நான்காம் பக்கத்தில் கண் நின்றது. தென்காசியின் முதல் கேமரா தயாரிப்பாளரும், நகராட்சியின் முன்னாள் துணைத் தலைவருமான அமரர் தில்லைநாயகத்தின் படத்திறப்பு இந்த மாதம் பதினெட்டாம் தேதி நகராட்சிக் கூட்ட அரங்கில் நடக்கிறது. அவர் செய்த கேமரா ஒன்றும் அதே அரங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும்.

செய்தியை இரண்டு தரம் படித்தார். கூட இருந்த படத்தை மூன்று தரம் பார்த்தார். கறுத்த மீசை, சலவை வேட்டி, தோளில் துண்டு.

"செத்தது எண்பத்தஞ்சு வயசுல. படம் மட்டும் மாப்பிள்ளை கணக்கா போட்டிருக்கானுவ" என்றார்.

அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி ஜெபமலர் தலை நிமிராமல் கேட்டாள்: "யாரு, தில்லை அண்ணாச்சியா?"

"வேற யாரு? முதல் கேமரா தயாரிப்பாளராம். இந்தப் பேப்பர்காரனுக்கு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. பேப்பர்காரன் தனியா கண்டுபிடிச்சானாக்கும்?"

காபி ஆறி ஆடை கட்டியது. ஏசுவடியான் தொடவில்லை.

அந்த வீட்டில் வேறொரு வரலாறு நடைமுறையில் இருந்தது. அதன்படி முதலில் கேமரா செய்தவர் ஏசுவடியான். தில்லைநாயகம் அதைப் பார்த்து நகல் எடுத்தார், பெயரைத் தட்டிக்கொண்டார், அந்தப் பெயரைக் காட்டியே ஓட்டும் வாங்கினார். ஒரே மகள் ஜாய் இதை ஞாயிறு பள்ளிப் பாடத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்து வளர்ந்தவள். சம்பந்தி வீட்டார், பாஸ்டர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் என்று அந்த வாசலில் ஐந்து நிமிடம் நின்ற எல்லோருக்கும் இது தெரியும்.

இதில் ஒரே ஒரு குறை. அப்படி நடக்கவில்லை.

நடந்தது இதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்தவர்கள் அருவி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். ஸ்டுடியோக்காரர் வந்து எடுப்பார். படம் இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வரும். சில சமயம் அடுத்தவர் குடும்பத்தின் படம் வரும். திருநெல்வேலியில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருடம் எடுபிடியாக இருந்த தில்லைநாயகம், ஊர் திரும்பி ஒரு மரப்பெட்டி செய்தார். முன்னால் லென்ஸ், பின்னால் கையை நுழைக்க ஒரு கறுப்புத் துணிக் குழாய், உள்ளே இரண்டு மருந்துத் தட்டுகள், பக்கவாட்டில் ஒரு கதவு. மூன்று கால்களில் நிறுத்தி, படம் பிடித்து, இருட்டுப் பெட்டிக்குள்ளேயே கையை விட்டு மருந்தில் கழுவி, கதவைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஐந்து நிமிடம். தலை துவட்டி முடிப்பதற்குள் ஈரப்படம் கையில்.

பெட்டியின் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் 'தில்லை கேமரா' என்று எழுதினார். அடுத்த சீசனில் மெயின் அருவியிலிருந்து ஐந்தருவி வரை மூன்று காலில் நின்றதெல்லாம் அந்தப் பெட்டிதான். பிறகு பாபநாசம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. கொட்டகையில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். மொத்தம் நானூறு கேமராவுக்கு மேல் வெளியே போனது.

அரசியல் தானாக வந்தது. அருவிக்கரையில் படம் எடுப்பவர்களை அதிகாரிகள் விரட்டியபோது அவர்களுக்காகப் பேசப் போனார். பேச்சு எடுபட்டது. சங்கம் தொடங்கினார். அடுத்து கவுன்சிலர், அதற்கடுத்து துணைத் தலைவர். சாக்கடை, தெருவிளக்கு, குழாய் என்று எதற்குப் போனாலும், "இரு, ஒரு நிமிஷத்துல முடிச்சுத் தாரேன்" என்பார். கேமராக்காரர் வாய்ப்பழக்கம். ஆனால் முடித்தும் தந்தார்.

ஏசுவடியான் ஆசாரி வேலையில் கெட்டிக்காரர். சுற்று வட்டாரத்தில் பாதி வேதக்கோயில்களின் பெஞ்சுகள் அவர் அப்பாவும் அவரும் செய்தவை. அவர் சேர்த்த மூட்டில் தலைமுடி நுழையாது. 'இழைக்கவே தெரியாதவன் ஒருவன் பெட்டி செய்து பெயர் வாங்குகிறான்' என்ற நினைப்பு அவரைத் தின்றது. ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குற்றாலம் போய், யஹ்யா என்கிற பதினெட்டு வயதுப் படக்காரரிடம் ஒரே காலையில் ஐந்து தரம் படம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தரமும், "முகம் எங்கன விழும், காட்டு" என்று பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, பேச்சுவாக்கில் சாணாலும் விரலாலும் அளந்தார். மூன்று மாதத்தில் அவர் கேமராவும் வந்துவிட்டது. 'ஏசு கேமரா'. லென்ஸ் இன்னும் ஒரு படி நல்லது. முகம் பளிச்சென்று விழுந்தது. பதினொன்று விற்றார்.

பங்குனி வெயிலில் செய்த பெட்டிகள் அவை. வெளிச்சம் புகக்கூடாது என்று கதவுகளை அப்படி இறுக்கிப் பொருத்தியிருந்தார். மூடினால் கதவு எது, பலகை எது என்று தெரியாது. ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. பலாப்பலகை ஊதியது. பதினொரு கதவுகளும் மூடியபடி நின்றுவிட்டன. உள்ளே படம், வெளியே நனைந்தபடி குடும்பம், நடுவில் பல்லைக் கடித்துக் கதவை இழுக்கும் படக்காரர்.

தில்லைநாயகம் கதவைச் சுற்றி அரை விரல் இடைவெளி விட்டு, அதில் கறுப்பு வெல்வெட்டை இரண்டு மடிப்பாக ஒட்டியிருந்தார். மரம் ஊதினால் ஊதட்டும், இடம் இருக்கிறது. வெளிச்சத்தை வெல்வெட் பார்த்துக்கொள்ளும். அளக்கும்போது ஏசுவடியான் அந்த இடைவெளியைப் பார்த்தார். வேலை தெரியாதவன் விட்ட சந்து என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியரானார். பொறாமையும் கூடவே பணியில் சேர்ந்து, அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெறவில்லை. எண்பதுகளில் வந்த உள்ளாட்சித் தேர்தலில் தம்பியைத் தில்லைநாயகத்துக்கு எதிராக நிறுத்தினார். இரண்டு தரப்பும் கேமராச் சின்னம் கேட்டது. குலுக்கிப் போட்டதில் கேமரா தில்லைநாயகத்துக்குப் போனது, இவர்களுக்குக் குடை. அந்த மாதம் பூராவும் மழை இல்லை. தம்பிக்கு விழுந்த ஓட்டு இருநூற்றுப் பன்னிரண்டு. தில்லைநாயகம் ஜெயித்த கையோடு இவர்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தார். ஏசுவடியான் அந்தத் தண்ணீரை ஒன்பது வருடம் குடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான்.

"வீறாப்பு இவுகளுக்கு. குடம் எனக்கு" என்பாள் ஜெபமலர்.

இப்போது படத்திறப்புச் செய்தியைக் கேட்டதும் ஜாய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஜாய் பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. தப்பைக் கண்டால் சிவப்பு மை எடுக்காமல் அவளால் இருக்க முடியாது.

"விடக்கூடாதுப்பா. இத்தனை வருஷம் பொறுத்துட்டிய. செத்த பெறவும் உங்க பேரை மறைச்சா எப்படி?"

"வேண்டாம் ஜாய். செத்தவனோட என்ன வழக்கு" என்றார் ஏசுவடியான். குரலில் அவ்வளவு 'வேண்டாம்' இல்லை.

"நீங்க பெருந்தன்மையா இருந்துக்கிடுங்க. நான் இருக்க மாட்டேன்."

நகராட்சிக்கு மூன்று பக்கக் கடிதம் போனது. 'என் தந்தையின் கண்டுபிடிப்பு' என்று தொடங்கி, 'நியாயம் கிடைக்காவிட்டால் பத்திரிகையாளர்களைச் சந்திப்பேன்' என்று முடிந்தது. நகலை அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அப்போதே தடுத்திருக்கலாம். மூன்று பக்கத்திலும் தன் பெயர் பதினேழு இடத்தில் வந்திருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான்காம் நாள் அனுசியா வந்தாள். தில்லைநாயகத்தின் இளைய மகள். அப்பா நின்ற அதே வார்டில் இப்போது அவள் கவுன்சிலர். விழா ஏற்பாடெல்லாம் அவள்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஜாய் அக்கா லெட்டர் கவுன்சில்ல வாசிச்சாச்சு" என்றாள்.

ஏசுவடியான் கூரையைப் பார்த்தார்.

"எங்க அப்பா இதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. உங்களைப் பத்திப் பேச்சு வந்தா மட்டும், 'ஏசுவடியான் மாதிரி மரம் இழைக்க எனக்கு ஏழு ஜென்மம் ஆகும்'பாங்க."

இதைக் கேட்டதும் ஏசுவடியானுக்குக் காது சூடாயிற்று. அவரும் தில்லைநாயகத்தைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார். அதில் நல்ல வார்த்தை ஒன்றைத் தேடினார்; அகப்படவில்லை. பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டானே பாவி.

"எலெக்‌ஷன் வேற வருது மாமா. 'அப்பா திருடினாரு'ன்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா, நான் வீடு வீடா போய் விளக்கம் சொல்ல முடியுமா? உண்மை எதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சதா போட்டுடுதோம். தீர்மானமும் நிறைவேத்தியாச்சு. அட்டையில ரெண்டு பேரும். படத்தையும் நீங்கதான் திறக்கணும்."

கடைசி வார்த்தைகளை வாழைப்பழச் சீப்பைப் பார்த்துச் சொன்னாள். அப்பாவின் பெயரில் பாதியை வெட்டிக் கொடுக்கிற பெண்ணின் குரல். வாசற்படியில் நின்ற ஜாய், கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"சரி. பிள்ளை இவ்வளவு தூரம் வந்து கேக்குது" என்றார் ஏசுவடியான்.

மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஜெபமலர் பரிமாறியபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

"உண்மையிலேயே நீங்கதான் செஞ்சியளா?" என்று கேட்டாள்.

"அம்பத்தேழு வருஷம் கழிச்சுக் கேக்குத கேள்வியாட்டி இது?"

"அம்பத்தேழு வருஷமும் நீங்க சத்தமா சொன்னிய. இன்னைக்குத்தான் சத்தமில்லாம இருக்கிய. அதான் கேட்டேன்."

அவர் ரசத்தைக் கேட்டார்.

பதினாறாம் தேதி அனுசியா போன் செய்தாள். கேமராவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். மூடுவதற்கு முன்னால் அட்டையில் எழுதியிருப்பது சரியா என்று மாமா ஒருதரம் வந்து பார்த்துவிட்டால் நல்லது. ஜாய் பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப் போனாள். ஒரு வாரமாக விட்டுவிட்டுச் சாரல். தெருவெல்லாம் ஈரம், சுவரெல்லாம் ஈரம்.

கூட்ட அரங்கில் நீள மேசை மேல் கேமரா இருந்தது. பக்கத்தில் ஒரு கிழவர், தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக.

"வாங்க அண்ணாச்சி. என்னைத் தெரியுதா?"

ஏசுவடியான் உற்றுப் பார்த்தார். யஹ்யா. எண்பது வயது யஹ்யா.

"பாய்தான் கேமராவைக் குடுத்தாங்க மாமா" என்றாள் அனுசியா. "முப்பது வருஷம் அருவிக்கரையில இதை வச்சுத்தான் பொழச்சாங்களாம்."

"மூணு பிள்ளைகளைப் படிக்க வச்சது இந்தப் பெட்டி" என்றார் யஹ்யா. "இப்போ அவனுவ துபாய்ல போன்ல போட்டோ எடுத்து அனுப்புதானுவ."

யஹ்யா ஐந்து படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறந்திருக்கலாம். மறக்காமலும் இருக்கலாம். ஏசுவடியான் அவர் கண்ணைப் பார்க்காமல் மேசைக்கு அந்தப் பக்கமாகப் போனார்.

அட்டை தயாராக இருந்தது. நல்ல தடித்த அட்டை, அச்செழுத்து.

'தில்லை கேமரா. மரத்தால் செய்யப்பட்டது. குற்றாலச் சாரலிலும் கதவு இறுகாது. கதவைச் சுற்றி இடைவெளி விட்டு வெல்வெட் ஒட்டியிருக்கும் நுட்பமே இதன் சிறப்பு. உருவாக்கியவர்கள்: தில்லைநாயகம், ஏசுவடியான்.'

தன் பெயரை முதலில் பார்த்தார். அச்சில் அழகாகத்தான் இருந்தது. பிறகு மேலே இருந்ததை வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மாறியது. 'இடைவெளி விட்டு.' 'நுட்பம்.'

கையை நீட்டிக் கேமராவின் கதவைத் தொட்டார். ஒரு விரல்தான். கதவு சத்தமில்லாமல் திறந்தது. வெளியே ஒரு வாரச் சாரல். அரங்கில் தீக்குச்சி உரசினால் பற்றாது. கதவு திறந்தது. மூடினார். மறுபடி தொட்டார். மறுபடி திறந்தது. வெல்வெட் ஓரத்தில் நைந்திருந்தது. வேலை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது. மூட்டுகளைத் தடவினார். கோணல். இழைப்பு மேடும் பள்ளமும். அவரிடம் படித்த எட்டாம் வகுப்புப் பையன் இப்படிச் செய்தால் முட்டி போட வைத்திருப்பார். இந்தக் கோணல் பெட்டி கண்ணாடிக்குள் நிற்கப் போகிறது. ஊர் வந்து பார்க்கும். அதைச் செய்த கை தன் கை என்று அட்டை சொல்லும்.

"அப்பா, அப்படியே கதவுல கை வச்சுட்டு நில்லுங்க. ஒரு போட்டோ" என்று ஜாய் போனை உயர்த்தினாள்.

"எடுக்காத."

"ஏம்ப்பா?"

"இது என் கேமரா இல்ல."

"தெரியும்ப்பா. உங்களைப் பாத்து அவங்க செஞ்சது. அதான் ரெண்டு பேரு பேரும் போட்டிருக்காங்கல்லா."

"அவன் என்னைப் பாத்துச் செய்யல. நான் அவனைப் பாத்துச் செஞ்சேன்."

ஜாய் போனை இறக்கினாள்.

ஏசுவடியான் அட்டையைக் கையில் எடுத்துத் தட்டினார். "என்ன எழுதியிருக்கு பாரு. இடைவெளி விட்டானாம், துணி ஒட்டினானாம், அது நுட்பமாம். என் வேலையில தலைமுடி போகாது. இந்தக் கோணல் மூட்டை நான் போட்டேன்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது. என் கேமரா தனி. ஏசு கேமரா. பதினொண்ணு செஞ்சேன். என் பேரை இவன் பெட்டியில ஒட்டிட்டா, அந்தப் பதினொண்ணும் எங்க போகும்? அப்படி ஒண்ணு இருந்ததே இல்லன்னு ஆயிடாதா?"

"அப்போ அந்த லெட்டர்..." என்றாள் ஜாய்.

"அது நீ எழுதினது."

"நீங்க சொன்னதை எழுதினேன். நான் பால் குடிச்ச காலத்துல இருந்து நீங்க சொன்னதை."

"ஆமா. சொல்ல ஆரம்பிச்சுட்டேன். நிறுத்த இடம் கிடைக்கல."

ஜாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். மெதுவாகத்தான் பேசினாள்.

"ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கேன்ப்பா. ரெண்டு பிள்ளைங்க சயின்ஸ் எக்சிபிஷன்ல உங்க போட்டோவை ஒட்டி வச்சு, மாவட்ட அளவுல பரிசு வாங்கிட்டு வந்துச்சுங்க. 'கேமராவைக் கண்டுபிடித்த நம் தாத்தா'ன்னு."

அறுபது வருடப் பொறாமையில் இப்படி ஒரு கிளை முளைத்திருப்பது ஏசுவடியானுக்குத் தெரியாது.

யஹ்யா தாடியைத் தடவினார். "இப்பத்தான் விளங்குது. ஒரே நாள்ல அஞ்சு போட்டோ எடுத்தீங்களே அண்ணாச்சி. ஏதோ பொண்ணு பாக்கப் போறீங்க, முகம் சரியா விழலன்னு கவலை போலன்னுல்ல நெனச்சேன். பாவம்னு அஞ்சாவது படத்துக்குக் காசு கூட வாங்கல."

"அளவெடுக்க வந்தேன்."

"எடுத்தது சரிதான். வெல்வெட்டை விட்டுட்டீங்க."

அனுசியா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள். திரும்பியபோது கவுன்சிலர் முகம் வந்துவிட்டது.

"மாமா, உங்க பேரு தீர்மானத்துல ஏறிட்டு. நானா எடுக்க முடியாது. நீங்க கைப்பட எழுதித் தந்தாத்தான் நாளைக்கு நடக்குற கூட்டத்துல மாத்தலாம். சாட்சிக் கையெழுத்து ஒண்ணும் வேணும்."

"பேப்பர் குடு."

வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன. இதை எழுதிவிட்டால் தென்காசியில் கேமரா என்ற பேச்சு வரும் இடத்தில் தன் பெயர் வராது. எழுதாவிட்டால் வரும், வேறொருவன் கோணல் பெட்டியோடு வரும். இரண்டையும் ஒரு நிமிடம் நிறுத்துப் பார்த்தார். பிறகு மரவேலை வாத்தியாரின் நேர்க்கோட்டு எழுத்தில் எழுதினார்.

'தில்லைநாயகம் செய்த கேமராவில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. என் பெயரை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.'

பேனா நிற்கவில்லை.

'நான் செய்த கேமரா வேறு. பதினொன்று செய்தேன். அதில் முகம் இதைவிடத் தெளிவாக விழும்.'

"ரெண்டாவது பாராவுக்கு இங்க வேலை இல்ல மாமா" என்றாள் அனுசியா.

"இருக்கட்டும். ஆபீஸ்ல ஒரு தாள்லயாவது இருக்கட்டும்." பேனாவை யஹ்யாவிடம் நீட்டினார். "நீ ரெண்டையும் வச்சிருந்தவன். எங்கிட்டயும் ஒண்ணு வாங்கினியே. பொய்யா உண்மையா, பாத்து கையெழுத்துப் போடு."

யஹ்யா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாக வாசித்தார்.

"முகம் தெளிவா விழும். உண்மை. உங்க லென்ஸ் அப்படி."

ஏசுவடியான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுபது வருடத்தில் வெளியாள் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் மார்க் அது. ஜாய் கேட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒரு வரி குறையுதே" என்றார் யஹ்யா.

"எது?"

"கதவு."

"அதை எதுக்கு எழுதணும்?"

"சாட்சின்னு கூப்பிட்டுட்டீங்க. கதவு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். மதுரைக்காரக் குடும்பம் ஒண்ணு, ஒன்பது பேரு, முக்கா மணி நேரம் நனஞ்சுட்டே நின்னாங்க. படம் உள்ள இருக்கு, நல்லா விழுந்திருக்குன்னு எனக்குத் தெரியும். எடுக்க முடியல. அந்த வீட்டு அம்மா என்னைப் பேசின பேச்சு இருக்கே... சீசன் பூரா சாரல் அண்ணாச்சி. சாரல்ல திறக்காத கேமராவை வச்சு நான் என்ன செய்ய?"

"அப்புறம் அதை என்ன செஞ்சே?"

"கோழி அடைச்சோம். குறை சொல்லக்கூடாது. கீரிப்பிள்ளையால ஒண்ணும் செய்ய முடியல."

அனுசியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏசுவடியான் பேனாவைத் திருப்பி வாங்கினார். தாளில் கொஞ்சம் இடம்தான் இருந்தது. 'மழைக்காலத்தில் கதவு' என்று எழுதிவிட்டு நிறுத்தினார். மேசை மேலிருந்த பெட்டியைப் பார்த்தார். அதன் கதவு அவர் விட்டபடியே லேசாகத் திறந்து நின்றது.

'மழைக்காலத்தில் கதவு எளிதில் திறக்காது' என்று முடித்தார்.

யஹ்யா எட்டிப் பார்த்தார். "எளிதிலயா? உளி வச்சு நெம்பினேன். உளி உடைஞ்சுபோச்சு."

"பலா மரம் அப்படித்தான்."

"அப்போ அப்படியே எழுதுங்க."

ஏசுவடியான் யாரையும் பார்க்காமல் 'எளிதில்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். கோடு நேராகத்தான் இருந்தது. தாளை யஹ்யாவிடம் தள்ளினார். யஹ்யா கையெழுத்துப் போட்டார்.

அனுசியா வாங்குவதற்குள் ஜாய் எழுந்து வந்து தாளைப் பிடித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற வாசிப்பு. அப்பா பக்கம் திருப்பி, அடித்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அடிச்ச இடத்துல சின்னக் கையெழுத்துப் போடணும்ப்பா. இல்லன்னா செல்லாது."

அவர் போட்டார்.